விஸ்காம் சேரும் முன் போட வேண்டிய கணக்கு: சேலத்துப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

பிளஸ் டூ மதிப்பெண் வந்த வாரத்தில் சேலத்தில் பல வீடுகளில் ஒரே வாக்குவாதம்தான். பிள்ளை விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல், என்கிறது. அப்பா பி.காம். என்கிறார். அம்மாவுக்கு நர்சிங். பக்கத்து வீட்டு மாமா ஒருவர் வந்து, ‘சினிமாவுக்கா போகப் போகிறாய்?’ என்று கேட்டுக் காபியைக் குடித்துவிட்டுப் போவார். இத்தனை பேச்சிலும் ஒருவர்கூட ஒரு தாளை எடுத்து எழுதிப் பார்ப்பதில்லை: மூன்று ஆண்டில் மொத்தம் எவ்வளவு போகும், முடித்த பிறகு மாதாமாதம் எவ்வளவு கையில் நிற்கும்?

அந்தத் தாளை எழுதுவது எப்படி என்று இங்கே சொல்கிறேன். என் கட்சி எது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஊடகத் துறையில் வேலை கொடுப்பவர் பட்டச் சான்றிதழைக் கடைசியாகத்தான் பார்க்கிறார். ‘இதுவரை என்ன செய்திருக்கிறாய், காட்டு’ என்பதுதான் முதல் கேள்வி. ஆகவே கல்லூரிக்குச் சக்திக்கு மீறிக் கொட்டிவிட்டு, கணினி வாங்கவும் சென்னையில் நான்கு மாதம் தாக்குப்பிடிக்கவும் காசில்லாமல் நிற்பதைவிடப் பெரிய நஷ்டம் இந்தப் படிப்பில் வேறில்லை.

முதல் படி: எந்தப் படிப்பு, எந்த வேலை

விஸ்காம், இதழியல், மின்னணு ஊடகம், அனிமேஷன் என்று கல்லூரிக் கையேட்டில் பெயர்கள் வரிசையாக இருக்கும். வீட்டில் எல்லாவற்றையும் விஸ்காம் என்றே சொல்வோம். ஆனால் செலவும் வருமானமும் ஒவ்வொன்றுக்கும் வேறு. பி.எஸ்சி. விஸ்காமில் ஓவியம், வடிவமைப்பு, புகைப்படம், விளம்பரம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று கைவேலை அதிகம். ஆகவே ஆய்வகக் கட்டணமும் கருவிச் செலவும் அதிகம். இதழியலில் எழுத்தும் செய்தி சேகரிப்பும்தான் பிரதானம்; பேனாவும் நல்ல செல்போனும் போதும். அனிமேஷனுக்குக் கணினியே பாதிச் செலவை விழுங்கும்.

பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும் பெரும்பாலான கல்லூரிகளில் விஸ்காம் சேரலாம். இந்தத் தாராளத்தால்தான் பொறியியலும் கிடைக்காமல் பி.காமும் கிடைக்காமல் வந்து சேர்கிறவர்களும் உண்டு. வகுப்பில் பாதிப் பேர் அப்படி இருந்தால் உங்கள் பிள்ளைக்குக் குறும்படம் எடுக்கத் துணைக்கு ஆள் கிடைக்காது. இதையும் ஒரு செலவாக மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டத்தால் திறக்காத கதவு எது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளியில் விஸ்காம் பாடம் என்று ஒன்று இல்லை, ஆகவே ‘பி.எட். படித்து ஆசிரியராகிவிடலாம்’ என்ற கணக்கு இங்கே ஓடாது. கல்லூரியில் கற்பிக்க முதுகலையும், நெட் அல்லது செட் எனும் தகுதித் தேர்வில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வில் இதழியல், மக்கள் தொடர்பியல் ஒரு பாடமாக இருக்கிறது. மற்றபடி ஏதாவது ஒரு பட்டம் போதும் என்கிற டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 போன்ற தேர்வுகளுக்கு விஸ்காம் பட்டமும் பட்டம்தான்.

இரண்டாம் படி: கட்டண ரசீதுக்கு வெளியே இருக்கும் செலவு

கல்லூரி அலுவலகத்தில் ‘ஆண்டுக்கு இவ்வளவு’ என்று ஒரு தொகை சொல்வார்கள். அதை மூன்றால் பெருக்கி நிம்மதியாக வீட்டுக்கு வருகிறவர்கள்தான் அதிகம். விஸ்காமில் அந்தத் தொகை பாதிக் கதைதான். தேர்வுக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், சீருடை, ஐ.வி. எனப்படும், தொழிலிடங்களைப் பார்வையிடச் சுற்றுலா போலப் போகும் பயணம், புகைப்படப் பதிவேட்டுக்கு எடுக்கும் அச்சுப் பிரதிகள், மூன்றாம் ஆண்டுக் குறும்படம். குறும்படத்தை ஐந்து பேர் சேர்ந்து எடுத்தாலும் கேமரா வாடகை, லைட் வாடகை, நடிக்க வந்தவர்களுக்குப் பிரியாணி, ஏற்காடு போய்வர வேன் என்று பங்கு பிரியும்போது வீட்டில் கேட்காமல் முடியாது.

கீழே ஒரு மாதிரிக் கணக்கு தருகிறேன். இவை எந்தக் கல்லூரியின் கட்டணமும் அல்ல. உங்கள் எண்களைப் போட்டுக்கொள்வதற்கான சட்டகம் மட்டுமே.

வீட்டிலிருந்து போய்வரும் சேலத்துத் தனியார் கல்லூரி: ஆண்டுக் கட்டணம் 60,000 என்றால் மூன்று ஆண்டுக்கு 1,80,000. மேலே சொன்ன சில்லறைகள் ஆண்டுக்கு 15,000 வீதம் 45,000. பஸ் செலவு மாதம் 800, ஆண்டுக்குப் பத்து மாதம், மொத்தம் 24,000. கணினி 65,000. குறும்படப் பங்கு 25,000. கூட்டினால் 3,39,000.

சென்னையில் விடுதியில் தங்கிப் படிப்பது: கட்டணம் ஆண்டுக்கு 1,20,000 என்றால் 3,60,000. விடுதியும் சாப்பாடும் மாதம் 9,000, முப்பது மாதத்துக்கு 2,70,000. கணினி 65,000. சில்லறையும் குறும்படமும் 80,000. ஊருக்கு வந்துபோகும் ரயில் செலவு 30,000. கூட்டினால் 8,05,000.

இரண்டுக்கும் இடையே 4,66,000 வித்தியாசம். அந்தப் பணத்துக்குச் சென்னை என்ன தருகிறது? தொலைக்காட்சி நிலையங்களும் விளம்பர நிறுவனங்களும் பக்கத்தில் இருக்கின்றன. படிக்கும்போதே பயிற்சிக்குப் போகலாம். மூத்த மாணவர்கள் அங்கங்கே வேலையில் இருப்பார்கள். இது உண்மையான லாபம்தான். ஆனால் எல்லாச் சென்னைக் கல்லூரிக்கும் இது பொருந்தாது. புறநகரில் ஏதோ ஒரு நெடுஞ்சாலை ஓரத்தில், பஸ் ஏறி ஒன்றரை மணி நேரம் போக வேண்டிய இடத்தில் கல்லூரி இருந்தால், அதற்குச் சேலத்துக் கருப்பூரிலேயே உட்கார்ந்து படிக்கலாம்.

கழிக்க வேண்டியவற்றையும் எழுதுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப்புதல்வன் வந்தது, அதுவும் 1,000. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. மூன்று ஆண்டில் 36,000 வரை என்றால் கணினி விலையில் பாதிக்கு மேல் ஆயிற்று. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது.

ஏற்காட்டுக்காரர்களுக்கு

நாகலூர், செம்மநத்தம், மஞ்சக்குட்டை பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வரி எழுத வேண்டியிருக்கிறது. சேலத்தில் படித்தாலும் இவர்களுக்கு அது ‘வீட்டிலிருந்து போய்வருவது’ ஆகாது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறி தினமும் போகலாம் என்று முதல் மாதம் தோன்றும். விஸ்காமில் வேலை மாலையில்தான் சூடு பிடிக்கும். எடிட்டிங் ஆய்வகத்தில் உங்கள் முறை வருவதற்குள் மலைக்குப் போகும் பஸ் கிளம்பிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து எங்காவது மண் சரிந்தால் பாதை அடைபட்டுவிடும். ஆகவே விடுதிச் செலவை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தகுதி இருப்பவர்களுக்கு அரசு நடத்தும் விடுதிகளில் தங்கலும் சாப்பாடும் இலவசம். 2025 முதல் அவற்றுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர். மலையாளி எனும் இந்த மலையின் பழங்குடிச் சமூகப் பிள்ளைகள் (கேரளத்து மலையாளிகள் அல்ல) பழங்குடிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே எடுத்து வைப்பது நல்லது. ஜூன் மாதம் எல்லோரும் இ-சேவை மையத்தில் நிற்கும்போது போய் வரிசையில் நிற்க வேண்டாம்.

மூன்றாம் படி: சம்பளத்தை விசாரிப்பது

கல்லூரி வாசலில் பேனரில் இருக்கும் சம்பளத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ‘ஆண்டுக்கு 2.4 லட்சம்’ என்று போட்டிருந்தால் மாதம் 20,000 கைக்கு வரும் என்று நினைப்போம். அது நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்தால், வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனத்தின் பங்கு 12 சதவீதமான 1,440 ரூபாயையும் அந்த 20,000-க்குள்ளேயே காட்டுவார்கள். பிள்ளையின் பங்காக இன்னொரு 1,440 பிடிப்பார்கள். சம்பளம் 21,000-க்குள் என்பதால் இ.எஸ்.ஐ. எனும் மருத்துவக் காப்பீட்டுப் பிடித்தமும் உண்டு: நிறுவனம் 3.25 சதவீதம், ஊழியர் 0.75 சதவீதம். கடைசியில் கையில் வருவது பதினாறாயிரத்தைச் சுற்றித்தான் இருக்கும். வைப்பு நிதி எங்கும் போய்விடாது, அது சேமிப்புதான். ஆனால் வாடகை கொடுக்க உதவாது.

சரியான எண் வேண்டுமானால் மூன்று இடத்தில் கேளுங்கள். ஒன்று, அந்தக் கல்லூரியில் இரண்டு ஆண்டுக்கு முன்பு முடித்தவர்கள். துறைத் தலைவர் அறிமுகப்படுத்தும் ஒரே ஒரு வெற்றி வீரரை விட்டுவிட்டு, வகுப்பின் நடு வரிசையில் இருந்தவர்களைத் தேடுங்கள். இன்ஸ்டாகிராமில் அந்தத் துறையின் பக்கத்தைப் பார்த்தாலே பழைய மாணவர்கள் அகப்படுவார்கள். ‘சம்பளம் எவ்வளவு?’ என்று கேட்டால் மழுப்புவார்கள். ‘உங்கள் வகுப்பில் எத்தனை பேர் இன்னும் இந்தத் துறையில் இருக்கிறார்கள்?’ என்று கேளுங்கள். பதில் பட்டென்று வரும். அந்த ஒரு பதில் பேனரில் உள்ள பத்து நிறுவனப் பெயர்களைவிட மேல்.

இரண்டு, நால் ரோடு, ஐந்து ரோடு, அஸ்தம்பட்டி பக்கத்து ஸ்டுடியோக்களும் விளம்பர அலுவலகங்களும். மூன்று, செய்தித்தாள்களின் சேலம் அலுவலகம். தினத்தந்தி, தினகரன், காலைக்கதிர் என்று நாளிதழ்களுக்குச் சேலத்தில் பதிப்புகள் இருக்கின்றன. உதவி ஆசிரியர், பக்க வடிவமைப்பாளர் என்று உள்ளே உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு மாதச் சம்பளம். தாலுகா நிருபர்களின் நிலைமை வேறு. பல இடங்களில் விளம்பரம் பிடித்துக் கொடுப்பதில் வரும் கமிஷன்தான் அவர்களுக்குச் சோறு. நிருபராகும் ஆசையோடு இருப்பவர்கள் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

ஒரு காலத்தில் இந்த ஊரிலேயே சினிமா மாதச் சம்பள வேலையாக இருந்தது. டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஏற்காடு சாலையில் ஸ்டுடியோ வைத்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. இப்போது அங்கே வாசல் வளைவு மட்டும் நிற்கிறது, நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சினிமாவும் தொலைக்காட்சியும் வேண்டுமென்றால் சென்னை ரயில்தான். சேலத்தில் இருப்பது வேறு வகை வேலை: கல்யாணம், கடை விளம்பரம், பள்ளி கல்லூரி விழாக்கள், ஏற்காட்டு விடுதிகள், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு வியாபாரிகளின் பொருள் படங்கள். மட்டமான வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பளபளக்கும் வெள்ளியில் விளக்கொளி பட்டு வெளுக்காமல், படம் எடுப்பவரின் சட்டை அதில் தெரியாமல் ஒரு கொலுசைப் படமெடுத்துப் பாருங்கள், தெரியும்.

கல்யாண வேலையின் உள்கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் சேலத்தில் விஸ்காம் முடிக்கிறவர்களில் பலருக்கு முதல் பணம் இதில்தான் வருகிறது. ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை வரவேற்பில் தொடங்கி, விடிகாலை தாலி கட்டு, மதியம் பந்தி வரை ஆயிரக்கணக்கில் படங்கள் குவியும். அவற்றில் கண் மூடியவை, மங்கியவை, ஒரே மாதிரி ஐந்து எடுத்தவை எல்லாம் தள்ளி சில நூறு தேற்ற வேண்டும். பிறகு நிறம் சரி செய்ய வேண்டும்: மண்டபத்து மஞ்சள் விளக்கும் மேடையின் ஊதா விளக்கும் சேர்ந்து மணப்பெண்ணின் முகத்தில் அடித்த நிறத்தை எடுத்து, அவளுடைய நிறத்தை அவளுக்குத் திருப்பிக் கொடுப்பது. அதற்குப் பிறகு ஆல்பம் பக்கம். இதில் படம் பிடிப்பவருக்கு நாள் கூலி, எடிட்டருக்கு மாதச் சம்பளம், ஆல்பம் வடிவமைப்பவருக்குப் பக்கக் கணக்கு என்று மூன்று விதமாகக் காசு பிரியும். மூன்றையும் தனித்தனியாக விசாரியுங்கள். மாதச் சம்பளம் குறைவாகத் தெரியும், ஆனால் ஆடியிலும் வரும். நாள் கூலி பெரிதாகத் தெரியும். ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றிலும் முகூர்த்தம் இல்லை, காசும் இல்லை. சொந்தமாக ஆர்டர் எடுத்தாலோ பாதிப் பணம் ஆல்பம் கொடுக்கும்போதுதான். மாப்பிள்ளை வீட்டாருக்கும் பெண் வீட்டாருக்கும் படத் தேர்வில் ஒத்துப்போகாமல் ஆல்பமே ஆறு மாதம் தள்ளிப்போவதும் நடக்கும். ஆகவே நாள் கூலி வேலையில் ஒரு நல்ல மாதத்து வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கக் கூடாது, எட்டால் பெருக்குங்கள்.

நான்காம் படி: கையில் நிற்கும் பணம்

வரும் சம்பளத்தை விட்டுவிட்டு, வாழ்க்கைச் செலவு போகக் கையில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். மறுபடியும் மாதிரி எண்கள்தான்.

சென்னையில் கைக்கு வருவது 18,000. நான்கு பேர் சேர்ந்து எடுத்த அறையில் பங்கு 5,000. சாப்பாடு 6,000. பஸ், மெட்ரோ, செல்போன் 2,000. ஊருக்கு வந்துபோக 1,000. நிற்பது 4,000. அறைக்கு முன்பணம் வேறு முதலிலேயே கொடுத்தாக வேண்டும்.

சேலத்தில் ஒரு ஸ்டுடியோவில் 12,000. வீட்டுக்குக் கொடுப்பது 3,000. பெட்ரோலும் செல்போனும் 1,500. நிற்பது 7,500.

சம்பளம் ஆறாயிரம் குறைவு, நிற்பது மூவாயிரத்தைந்நூறு கூடுதல். முதல் ஆண்டை மட்டும் பார்த்தால் சேலம்தான் ஜெயிக்கிறது. ஆனால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்கச் சொல்ல மாட்டேன். சென்னையில் திறமைசாலிக்கு ஒரு நிறுவனம் மாறினால் சம்பளம் ஏறும், பெங்களூரும் ஹைதராபாத்தும் கண்ணுக்குத் தெரியும். சேலத்து ஸ்டுடியோவில் ஐந்தாவது ஆண்டும் அதே முதலாளி, அதே பண்டிகை போனஸ். சேலத்தில் ஏறுவதற்கு ஒரே வழி, ஒருநாள் தனியாகக் கடை போடுவதுதான். உங்கள் பிள்ளை வாடிக்கையாளரிடம் பேரம் பேசத் தெரிந்தவனா, சொன்ன வேலையைச் சரியாகச் செய்துவிட்டு மாதம் பிறந்ததும் சம்பளத்தை எதிர்பார்க்கிறவனா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

ஐந்தாம் படி: கடன் வாங்குவதானால்

வித்யா லட்சுமி இணையதளம் வழியாக வங்கிகளுக்குக் கல்விக் கடன் விண்ணப்பிக்கலாம். 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்க மாட்டார்கள், பெற்றோர் சேர்ந்து கையெழுத்திட்டால் போதும். படிக்கும் காலமும் அதன் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. இந்தச் சலுகையைக் கேட்டதும் பலர் அந்தக் காலத்துக்கு வட்டியே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். வட்டி முதல் நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும்.

4 லட்சத்தை மூன்று ஆண்டும் சம பங்காக, 10 சதவீத வட்டிக்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். முதல் பங்குக்கு நான்கு ஆண்டு வட்டி, இரண்டாம் பங்குக்கு மூன்று, மூன்றாம் பங்குக்கு இரண்டு. தவணை தொடங்கும் நாளில் தனிவட்டி மட்டும் 1,20,000 ஏறி, கடன் 5,20,000 ஆக நிற்கும். அதை ஏழு ஆண்டில் கட்டினால் மாதத் தவணை சுமார் 8,630. மேலே சென்னையில் கையில் நின்றது எவ்வளவு? 4,000. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மீதியை அப்பா அனுப்ப வேண்டும். பிள்ளை சென்னையில் வேலை பார்க்கிறான் என்று ஊரில் பெருமை வேறு பேச வேண்டும்.

வட்டியை மட்டும் படிக்கும்போதே கட்டிவந்தால் நிலைமை மாறும். முதல் ஆண்டு மாதம் சுமார் 1,110, இரண்டாம் ஆண்டு 2,220, மூன்றாம் ஆண்டு முதல் 3,330. தவணை தொடங்கும்போது கடன் அதே 4 லட்சம். மாதத் தவணை 6,640 ஆகக் குறையும். மொத்தத்தில் நாற்பத்தைந்தாயிரத்துக்கு மேல் மிச்சம். அரசின் வட்டி மானியத் திட்டங்களுக்கு வருமான வரம்பும் படிப்பு வகையும் பார்ப்பார்கள். விஸ்காமுக்குப் பொருந்துமா என்று வங்கி மேலாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், வாய்ச்சொல்லில் விட வேண்டாம்.

நான் வைத்திருக்கும் வரம்பு இது: கையில் நிற்கும் பணத்தில் பாதிக்கு மேல் தவணை போகக் கூடாது. 7,500 நின்றால் தவணை 3,750-க்குள். அதற்கு ஏழு ஆண்டுக் கணக்கில் சுமார் இரண்டேகால் லட்சம்தான் கடனாகத் தாங்கும். அதற்கு மேல் கேட்கிற கல்லூரி உங்களுக்கான கல்லூரி இல்லை. நகையை அடகு வைத்தால் இந்த வரம்பு மாறிவிடும் என்று நினைக்காதீர்கள்; அதுவும் கடன்தான், வட்டிதான் கொஞ்சம் வேறு.

ஆறாம் படி: கல்லூரியை நேரில் பார்ப்பது

சேர்க்கை நாளில் போகாதீர்கள். அன்று எல்லாம் பளிச்சென்று இருக்கும். செமஸ்டர் நடக்கும் ஒரு வேலை நாளில் மதியம் இரண்டு மணிக்குப் போங்கள். ஸ்டுடியோ கதவு பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா? பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். ‘சார் லீவு’ என்று பதில் வந்தால் அந்தக் கல்லூரியில் கேமரா யாருக்கு இருக்கிறது என்று புரிந்துவிடும். ஒரு கேமராவுக்கு எத்தனை மாணவர்கள், வார இறுதியில் வெளியே எடுத்துப் போகலாமா, எடிட்டிங் கணினிகளில் என்ன மென்பொருள், கடந்த ஆண்டு மாணவர்கள் எடுத்த குறும்படங்களைப் பார்க்க முடியுமா? கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் படத்தைப் போட்டுக் காட்டுகிற கல்லூரி நல்ல கல்லூரி, படம் சுமாராக இருந்தாலும்.

பல்கலைக்கழக இணைப்பையும் பாருங்கள். சேலம் வட்டாரத்துக் கல்லூரி என்றால் பெரியார் பல்கலைக்கழகத்தின் இணைப்போடு அந்தக் குறிப்பிட்ட பட்டப் படிப்புக்கு அனுமதி இருக்க வேண்டும். ‘ஓராண்டில் சினிமா எடிட்டர்’ என்கிற பயிற்சி மையங்களின் சான்றிதழ் பட்டம் ஆகாது; தொழில் கற்றுக்கொள்ளப் போகலாம், அரசுத் தேர்வுக்கு அதைக் கொண்டுபோய் நீட்ட முடியாது.

ஏழாம் படி: குறைந்த செலவு வழிகள்

எனக்குப் பிடித்த வழி இது, ஆனால் விளம்பரம் இல்லாததால் யாரும் பேசுவதில்லை. அரசு கலைக் கல்லூரியில் தமிழோ ஆங்கிலமோ பொருளியலோ வரலாறோ இளங்கலை. ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். அதன் பிறகு பெரியார் பல்கலைக்கழகத்தின் இதழியல், மக்கள் தொடர்பியல் துறையில் முதுகலை. பெங்களூர் நெடுஞ்சாலையில் கருப்பூரில் இருக்கிறது அந்த வளாகம். பத்திரிகைக்கும் செய்தித் தொலைக்காட்சிக்கும் போக நினைப்பவர்களுக்கு மூன்று ஆண்டு மொழியோ வரலாறோ படித்தது வீண்போகாது. செய்தி எழுத விஷயம் தெரிந்திருக்க வேண்டுமே. இரண்டு ஆண்டு கூடுதல் என்பது உண்மை. அந்த இரண்டு ஆண்டில் சம்பாதித்திருக்கக்கூடியதை, அதாவது மாதம் 12,000 என்றால் 2,88,000 ரூபாயை, செலவுப் பக்கத்தில் எழுதத்தான் வேண்டும். ஆனால் முதுகலை கையில் வந்துவிடுகிறது, நெட் எழுதலாம். அரசுக் கல்லூரிகளுக்கான இணையவழி விண்ணப்பத்துக்குச் செலவு ஐம்பது ரூபாய் அளவில்தான். தனியார் கல்லூரியில் இடம் உறுதி என்றாலும் இதையும் போட்டு வையுங்கள்.

சினிமாத் தொழில்நுட்பம்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள் சென்னை தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தை முதலில் முயலுங்கள். ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம், அனிமேஷன் என்று நான்கு ஆண்டுப் பட்டப் படிப்புகள், அரசுக் கட்டணம். இடங்கள் குறைவு. கிடைக்கவில்லை என்றால் ஏதாவது ஒரு பட்டம் முடித்துவிட்டு, 1960-இல் தொடங்கிய புனே திரைப்பட நிறுவனத்துக்கு நுழைவுத்தேர்வு எழுதலாம். அதற்கு விஸ்காம்தான் படித்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

எட்டாம் படி: மூன்று ஆண்டுக்குள்ளேயே செலவை மீட்பது

முதல் ஆண்டில் கேமரா வாங்காதீர்கள். கல்லூரிக் கேமராவில் பழகுங்கள், தேவைப்பட்டால் நாள் வாடகைக்கு எடுங்கள்; எந்தப் பக்கம் கை போகிறது என்று தெரிவதற்கு முன் ஐம்பதாயிரத்தைப் போட்டு வாங்கிய கேமரா அலமாரியில் பூஞ்சை பிடிக்கும், ஏற்காட்டு ஈரத்தில் இன்னும் சீக்கிரம் பிடிக்கும். பணத்தைக் கணினியில் போடுங்கள், 16 ஜி.பி. நினைவகத்துக்குக் குறைந்தால் வீடியோ எடிட்டிங் திணறும். மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்ட வேண்டிய அவசியம் தொடக்கத்தில் இல்லை. எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பும் அனிமேஷனுக்குப் பிளெண்டரும் கற்றுக்கொள்ளப் போதும். ட்ரோன் ஆசை வந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: 250 கிராமுக்கு மேற்பட்டதைத் தொழிலுக்குப் பறக்கவிட 2021 ட்ரோன் விதிகளின்படி பதிவும் பயிற்சிச் சான்றும் வேண்டும், அதுவும் செலவுதான்.

இரண்டாம் ஆண்டிலிருந்து சின்ன வேலைகள் எடுக்கலாம். இதில் தமிழ் எழுத்துப் பிழையில்லாமல் வடிவமைக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு படி மேல். சேலத்துத் தெருக்களில் தொங்கும் ஃப்ளெக்ஸ்களில் ‘வாழ்த்துக்கள்’ படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். துணிக்கடை, நகைக்கடை, மருத்துவமனை என்று எல்லோரும் இப்போது வாரத்துக்கு நான்கு பதிவு போடுகிறார்கள். அவற்றைப் பிழையின்றி எழுதி வடிவமைத்துத் தர ஆள் தேடுகிறார்கள். சப்டைட்டில் போடுவது, பின்னணியை வெட்டுவது போன்ற இயந்திர வேலைகளைச் செயற்கை நுண்ணறிவு செய்யத் தொடங்கிவிட்டதால் அவற்றுக்குக் கூலி சரிகிறது. அவற்றை மட்டும் நம்பிக் கணக்குப் போட வேண்டாம். நிறுவனம் ஒன்றுக்குச் செய்த வேலைக்கு 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு பணம் கொடுத்தால் பதற வேண்டியதில்லை. ஆண்டு வருமானம் வரி வரம்புக்குள் என்றால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

ஒன்பதாம் படி: பணம் கட்டும் நாள்

முழு ஆண்டுக் கட்டணத்தையும் ஒரே தடவையில் கட்டச் சொன்னால் செமஸ்டர் வாரியாகக் கேட்டுப் பாருங்கள். கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும், நன்கொடை என்று வாங்கினாலும், ரசீது கேளுங்கள். சேர்ந்த பிறகு வேறு நல்ல இடம் கிடைத்து விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று யுஜிசி விதி இருக்கிறது. 2018-இல் வந்த விதிப்படி, அறிவித்த கடைசிச் சேர்க்கைத் தேதிக்குப் பதினைந்து நாளுக்கு முன் விலகினால், ஒரு சிறு பிடித்தம் போக, முழுத் தொகை. அந்தத் தேதிக்குப் பிறகு பதினைந்து நாளுக்குள் என்றால் 80 சதவீதம். முப்பது நாளுக்குள் என்றால் பாதி. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. 2024-25 கல்வியாண்டுக்குச் செப்டம்பர் 30 வரை முழுத் தொகை என்று யுஜிசி தனியாகவே அறிவித்தது. நீங்கள் சேரும் ஆண்டுக்கு என்ன அறிவிப்பு என்று பார்த்துக்கொண்டு, விலகல் கடிதத்தைத் தேதி போட்டுக் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியலின் அசலைச் சரிபார்க்கக் காட்டலாம். அதைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ள அதே விதி இடம் தரவில்லை.